பள்ளி மூடும் நாளுக்காக ஒரு பக்கம்: பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அரசுத் தொடக்கப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். பி.ஏ. தமிழ் படித்தவள். ஒரு மகனுக்கு அம்மா. பள்ளி நேரத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஊரிலேயே வகுப்பு எடுக்கும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கத்தான் இதை எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் கூடுதலாக ஒரு பக்கம் சேருங்கள். பள்ளி மூடிக் கிடக்கும் காலத்தில் நம் ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள், எங்கே, எதை வைத்து என்று அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிதண்ணீர், ஒழுகும் கூரை எல்லாம் திட்டத்தில் எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான். ஆனால் பள்ளியே இல்லாமல் போனால் என்ன செய்வது என்று நான் பார்த்த எந்தத் திட்டத்திலும் ஒரு வரிகூட இல்லை.

அப்படி ஒரு காலம் வரும் என்று 2020க்கு முன்னால் யாரும் நினைக்கவில்லை. இப்போது அப்படிச் சொல்ல முடியாது. நாம் எல்லாரும் பார்த்துவிட்டோம்.

2020 மார்ச் நடுவில் சின்ன வகுப்புகளுக்கு விடுமுறை விட்டார்கள். மாதக் கடைசி வரைக்கும்தான் என்று நம்பி, என் மகன் பையைக் கதவு ஆணியில் மாட்டினான். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. கிட்டத்தட்ட இருபது மாதம். இதை வகுப்புக் கணக்கில் பார்த்தால்தான் உறைக்கும். மூடும்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, திறந்தபோது மூன்றாம் வகுப்பு. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்குப் பெயர் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அது பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாக வந்து உட்கார்ந்ததே இரண்டாம் வகுப்பில்தான். பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு 2021 ஜனவரியிலேயே ஒரு முறை திறந்தார்கள். தானாகப் புத்தகத்தைப் பிரித்துப் படிக்கத் தெரியாத வயசுப் பிள்ளைகளுக்குத்தான் ரொம்ப நாள் பள்ளி இல்லாமல் இருந்தது.

அந்த இருபது மாதத்தில் யாரும் சும்மா இருந்துவிடவில்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. பாடநூல்களைப் பள்ளிக்கு வந்து பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழு தொடங்கி வீடியோவும் வீட்டுப்பாடமும் அனுப்பினார்கள். சில ஊர்களில் ஆசிரியர்கள் தாங்களாகவே வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் பாடம் எடுத்தார்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அது அந்தந்த ஆசிரியரின் மனசைப் பொறுத்து நடந்தது. அப்படி ஒருவர் அமையாத ஊர்ப் பிள்ளைகளுக்கு மிச்சம் இருந்தது போன் மட்டும்தான்.

போன் பிள்ளைகளுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் டச் போன் ஒன்றுதான், அதுவும் அப்பாவிடம். அவர் காலையில் வேலைக்குப் போகும்போது போனும் கூடவே போய்விடும். இரவு எட்டு மணிக்கு வரும். வரும்போது சார்ஜ் இருக்காது. சார்ஜ் ஏறி, அண்ணன் பாடத்தை முடித்து, அக்கா முடித்து, இரண்டாவது படிக்கிற கடைக்குட்டி கைக்கு வரும்போது அது தூங்கிவிட்டிருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளை ஒருத்தி ஒருநாள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து என் போனில் பாடம் பார்த்தாள். வீடியோவில் இருந்த டீச்சர் நன்றாகத்தான் நடத்தினார். நடுவில் நிறுத்தி, “புரிஞ்சுதா பிள்ளைங்களா?” என்று கேட்டார். இவள் போனைப் பார்த்து வேகமாகத் தலையாட்டினாள். டீச்சர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது இவள் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரிந்தது. அந்த டீச்சருக்குத் தெரிய வழியே இல்லை. வகுப்பில் இருந்திருந்தால் அதே டீச்சர் அவள் முகத்தைப் பார்த்த அடுத்த நொடி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்.

பெரிய பிள்ளைகளுக்குப் போன் ஓரளவு உதவியிருக்கலாம். ஆறேழு வயசுப் பிள்ளைக்குக் கை எட்டுகிற தூரத்தில் ஒரு ஆள் வேண்டும். இதுதான் நான் அந்தக் காலத்தில் கற்றுக்கொண்டது. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

2021 அக்டோபர் 27ஆம் தேதி, எங்கள் மாவட்டத்திலேயே, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கிவைத்தார். இருபது பிள்ளைக்கு ஒரு தன்னார்வலர், சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் வகுப்பு, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. நான் பெயர் கொடுத்தேன். எங்கள் திண்ணையில் மையம் தொடங்கிய முதல் வாரத்தில் பார்த்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். படி என்றதும் புத்தகத்தைப் பிரித்து, விரலை வைத்து, கணீரென்று ஒரு பக்கம் முழுக்கச் சொன்னான். எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் கவனித்தேன், வாய் நாலாவது வரியில் இருக்கிறது, விரல் இரண்டாவது வரியில் இருக்கிறது. அண்ணன் படிப்பதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கிறது. நான் ஒரு வார்த்தையை மட்டும் தனியாகக் காட்டி, இது என்னப்பா என்றேன். கொக்கு. அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கெ… கா… க்கு” என்றான்.

அவனைத் தப்புச் சொல்ல முடியுமா? முன்னால் ஒற்றைக் கொம்பு இருக்கிறது, பின்னால் கால் இருக்கிறது. அவன் ஒவ்வொன்றாக ஒழுங்காகத்தான் படித்தான். கொம்பும் காலும் சேர்ந்து நடுவில் இருக்கிற எழுத்தை அணைத்துக்கொண்டால் ‘கொ’ என்று வரும் என்பதை யாராவது விரல் வைத்துக் காட்ட வேண்டும். ஒரு நாள் காட்டினால் போதாது. இன்றைக்குக் கொக்கு, நாளைக்குப் பொம்மை, மறுநாள் தொட்டில் என்று பத்து நாள் காட்ட வேண்டும். தப்பாகச் சொன்னால் அந்த இடத்திலேயே திருத்த வேண்டும். எங்களுக்குப் பத்து நாள்கூட ஆகவில்லை, ஒரு வாரத்தில் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு வாரம், தினம் பத்து நிமிஷம். அவ்வளவு வேலைக்கு அந்தப் பையன் இருபது மாதம் காத்திருந்திருக்கிறான்.

என் மகனும் அவனும் ஒரே வகுப்பு. என் மகன் தடுமாறாமல் படித்தான். அவன் அதிபுத்திசாலி ஒன்றும் இல்லை. வீட்டில் நான் இருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பையனின் அம்மா அந்த இருபது மாதமும் கரும்பு வெட்டவும் நாற்று நடவும் போய்க்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு என் ஒரு பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தேனே என்று எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. கூட நாலு பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்திருக்கலாம். தோன்றவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

வெளி மாநிலங்களிலும் இதே கதைதான். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் ஐந்து மாநிலங்களில் 16,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தது. 92 சதவீதம் பிள்ளைகள் முந்தின வருடம் தெரிந்திருந்த மொழித் திறனில் ஏதாவது ஒன்றையாவது மறந்திருந்தார்கள். பாடம் ஏறாமல் போனது ஒரு பக்கம், ஏறியிருந்ததும் இறங்கிவிட்டது இன்னொரு பக்கம்.

ஆனால் இதில் நம்பிக்கை தருகிற ஒன்றும் நம் மாநிலத்தில்தான் நடந்தது. பொருளியல் ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளி திறந்த சமயத்தில் பிள்ளைகள் ரொம்பவே பின்தங்கியிருந்தார்கள். ஆறே மாதத்தில் விட்டதில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்துவிட்டார்கள். அப்படி மீண்டதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதிகம் பின்தங்கியிருந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் வேகமாக மீண்டார்கள் என்றும் அதில் இருக்கிறது. இந்த ஒரு வரியைப் படித்தபோது எங்கள் திண்ணை வகுப்பு மொத்தமும் கண் முன்னால் வந்தது.

அதே ஏற்பாடு பள்ளி மூடின இரண்டாவது மாதத்தில் வந்திருந்தால்? நோய் பயம் இருந்தது, ஊரடங்கு இருந்தது, எல்லாம் உண்மை. ஆனால் நம் ஊரில் பிள்ளைகள் அப்போதும் தெருவில் ஒன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தெருவுக்கு ஐந்தாறு பேராக, காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் போட்டுத் தள்ளித் தள்ளி உட்கார வைத்திருந்தால், விளையாட்டில் இருந்த ஆபத்தைவிட அதில் அதிகம் இருந்திருக்காது என்பது என் எண்ணம். அந்தந்த நேரத்துச் சுகாதாரத் துறை சொல்வதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. கூட்டமே கூடாது என்கிற வாரங்களில் வாசலில் நின்று தாளைக் கொடுத்துவிட்டு வரலாமே.

தாள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி மூடியிருந்தபோது சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள், அப்புறம் முட்டையும் வந்தது. கொடுக்கிற நாளில் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு வீடு பாக்கி இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். போன் இல்லாத வீடு, டிவி ரிப்பேரான வீடு, வாட்ஸ்அப் குழுவில் பெயரே இல்லாத வீடு, எல்லாரும். ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் வீட்டையும் பள்ளியோடு இணைத்திருந்தது அந்த அரிசிப் பை ஒன்றுதான். நானும் வரிசையில் நின்று வாங்கினேன். அந்தப் பையில் ஒரு கதைப் புத்தகமும் பத்துப் பக்கப் பயிற்சித்தாளும் போட்டுக் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! அடுத்த முறை அரிசி வாங்க வரும்போது பழைய தாளைக் கொண்டுவந்தால், டீச்சர் திருத்திவிட்டுப் புதுசு கொடுப்பார். பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று வந்திருக்கிற அம்மாவிடமோ ஆயாவிடமோ இரண்டு வார்த்தை பேசுவார். இதற்கு நெட்டும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். கதைப் புத்தகங்களுக்கும் இப்போது பஞ்சம் இல்லை. வாசிப்பு இயக்கத்தில் வந்த குட்டிப் புத்தகங்கள், நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நுழை வரிசைப் புத்தகத்தை எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளை பத்து நிமிஷத்தில் முடித்துவிடும். அலமாரியில் பூட்டிவைக்காமல் வீட்டுக்கு அனுப்பத் தலைமை ஆசிரியருக்கு நீங்கள் துணை நின்றால் போதும். கிழிந்து வந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

ஆக, அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதலாம் என்று என் யோசனையைச் சொல்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஆள். ஒவ்வொரு தெருவிலும் பன்னிரண்டாவது முடித்த ஒரு அக்காவோ அண்ணனோ கட்டாயம் இருப்பார்கள். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைகள், கல்யாணமாகி வந்து வீட்டோடு இருக்கும் மருமகள்கள், மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர்கள், இல்லம் தேடிக் கல்வியில் ஏற்கெனவே வகுப்பு எடுத்தவர்கள். இப்போதே கேட்டு, சம்மதம் வாங்கி, தெரு வாரியாகப் பெயர் எழுதிவையுங்கள். பள்ளி மூடின பிறகு ஆள் தேட ஆரம்பித்தால் மாதம் ஓடிவிடும். சும்மா செய்யச் சொல்லாதீர்கள். எனக்கு வந்த ஆயிரம் ரூபாய் சின்னத் தொகைதான், ஆனால் அது வந்ததால் எங்கள் வீட்டில் என் வேலைக்கு ஒரு மரியாதை இருந்தது. மாமியார் ஐந்து மணிக்குத் தானாக அடுப்படியைப் பார்த்துக்கொண்டார். ஊராட்சியிலோ, ஊரில் நன்கொடை தருகிறவர்களிடமோ கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது இடம். இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடமாகப் பாருங்கள். நம் ஊர்களில் எந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்று இன்னும் கணக்குப் பார்க்கிற வீடுகள் உண்டு, உங்களுக்குத் தெரியாதது இல்லை. வகுப்பறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளைப் பள்ளி மூடிய காலத்தில் நாம் பிரித்துவிடக் கூடாது. இ-சேவை மையக் கட்டடம், நூலகம், ஊராட்சித் திடல், புளியமரத்தடி என்று பொதுவான இடமாக இருந்தால் நல்லது.

அப்புறம் ஒரு போன் பட்டியல். நம்பர் மட்டும் போதாது, அந்தப் போன் எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும் என்பதும் வேண்டும். எட்டு மணிக்குப் போன் வருகிற வீட்டுக்கு டீச்சர் பகல் பதினொரு மணிக்கு அழைத்து என்ன பயன்? வாரத்துக்கு ஒரு முறை, ஐந்து நிமிஷம், டீச்சர் பிள்ளையோடு நேரடியாகப் பேசினால் அதுவே பெரிய விஷயம். டீச்சர் போன் பண்ணினார் என்பதை அந்தப் பிள்ளை தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடும்.

படிக்காத அம்மா அப்பா என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் மேலாண்மைக் குழுவின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். எனக்கென்ன தெரியும், நான் கைநாட்டு என்று ஒரு ஆயா சொன்னார். அவர் வீட்டுப் பேத்தியைத்தான் நான் மையத்தில் கணக்கில் முதல் ஆளாகப் பார்த்தேன். காரணம் கேட்டபோது தெரிந்தது. விதைக்கு மல்லாட்டை (நிலக்கடலை) உடைக்கும் வேலைக்கு ஆயா போகும்போது பேத்தியும் கூடப் போவாளாம். உடைத்துக்கொண்டே ஆயா கேட்பாராம், கையில் ஆறு காய் இருக்கு, காய்க்கு ரெண்டு பருப்பு, எத்தனை சொல்லு. அவள் சொல்லிவிட்டு உடைத்து எண்ணிப் பார்ப்பாள். ஒரு காயில் மூன்று பருப்பு இருந்துவிட்டால் கணக்கு மாறிவிடும், அது ஏன் மாறியது என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். ராத்திரியில் பல்லாங்குழி. பதினாலு குழி, குழிக்கு ஐந்து, மொத்தம் எழுபது புளியங்கொட்டை. ஐந்தாம் வாய்ப்பாடு அவளுக்கு அந்தப் பலகையில்தான் வந்தது. படி அளக்கும்போது தாத்தா லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணுவதைக் கேட்டு, ஒன்றுக்கு ஏன் லாபம் என்று சொல்கிறார்கள் என்று என்னிடம் வந்து கேட்டாள்.

கைநாட்டு ஆயாவுக்குத் தெரிந்தது இவ்வளவு. எழுத்து மட்டும் தெருவில் இருக்கிற அக்காவிடமிருந்து வரட்டும். கணக்கும் கதையும் பேச்சும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன, அதுவும் படிப்புதான் என்று நாம் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அவர்கள் பிள்ளையை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இன்னொன்றையும் பெற்றோரிடம் நீங்கள்தான் சொல்ல முடியும், நாங்கள் சொன்னால் கோபப்படுகிறார்கள். வீட்டில் படிக்க வைக்கிறேன் என்று பிள்ளையை அடிக்க வேண்டாம். வேலை போய், கடன் ஏறி, நாள் முழுக்க ஒரே அறையில் இருந்த அந்தக் காலத்தில் நிறைய வீட்டில் புத்தகத்தை எடுத்தாலே அடி விழுந்தது. மையத்துக்கு வந்த ஒரு குழந்தை, நான் கையைத் தூக்கிப் பலகையில் எழுதப்போனதும் தலையைத் தாழ்த்திக்கொண்டது. அதற்கு மறுபடி என் பக்கத்தில் வந்து உட்காரத் தைரியம் வர மூன்று வாரம் ஆனது. சின்னப் பிள்ளைக்கு ஒரே மூச்சில் இருபது நிமிஷம் போதும். காலையில் இருபது, சாயங்காலம் இருபது. மீதி நேரம் விளையாடட்டும், வீட்டு வேலையில் கூட நிற்கட்டும். ராத்திரி தூங்கும் முன்னால் அன்றைக்கு நடந்ததை அதன் வாயால் ஒரு கதையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

கொரோனாதான் முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இது என்று சிலர் கேட்கலாம். 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் பள்ளிகள் நாட்கணக்கில் மூடிக் கிடந்தன. புத்தகம் நனைந்த வீடுகள் எத்தனையோ. அப்போதும் கையில் எந்த ஏற்பாடும் இல்லை, திறக்கும் வரை காத்திருந்தோம். சில நாள் என்பதால் தாங்கியது.

துறைக்கு மனு போடுவதற்குப் பதில் உங்களுக்கு எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரிய திட்டம் வேண்டும், அது அரசால்தான் முடியும். ஆனால் எங்கள் தெருவில் எந்த வீட்டில் போன் எப்போது இருக்கும், யார் திண்ணையில் பிள்ளைகள் கூச்சமில்லாமல் உட்காரும், எந்த ஆயாவுக்குக் கதை தெரியும் என்பதெல்லாம் சென்னையில் யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கல்வி உரிமைச் சட்டம் உங்களில் பெரும்பாலோர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. மேம்பாட்டுத் திட்டம் எழுதும் பொறுப்பையும் அந்தச் சட்டம்தான் உங்களிடம் கொடுத்திருக்கிறது. கையெழுத்துப் போட மட்டும் உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்றால், இந்தப் பக்கத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எங்கள் ஊர்க் குழுவின் அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வருகிறேன். எங்கள் தெருவுக்கு நேராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். போன் பகலிலும் வீட்டில் இருக்கும். எங்கள் திண்ணையில் பன்னிரண்டு பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம், எந்தத் தெருப் பிள்ளையாக இருந்தாலும் சரி. மையத்தில் பயன்படுத்திய கரும்பலகை இன்னும் சுவரில்தான் மாட்டியிருக்கிறது, நேற்றுதான் துடைத்து வைத்தேன்.

அன்புடன்,
ஒரு தன்னார்வலர்,
செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்